உருகுவேவுக்கு வந்த நோட்டீஸ்



சென்ற பொதுக்குழுவில் பி பிளாக் படிக்கட்டு விவகாரம் எப்படி முடிந்தது என்று வந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்றாவது மாடிப் படிக்கட்டு ஓரத்தில் சிகரெட் துண்டுகள் கிடக்கின்றன, புகை வீட்டுக்குள் வருகிறது, வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருக்கிறது என்று ஒரு அம்மா எழுந்து சொன்னார். படிக்கட்டு, லிப்ட், மொட்டை மாடி மூன்றிலும் புகைபிடிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிடலாம் என்றார் செகரட்டரி. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "போடுங்க சார், மறுநாளே வக்கீல் நோட்டீஸ் வரும்."

அவ்வளவுதான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஜெனரேட்டர் டீசல் கணக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். "மேற்படி தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று மினிட்ஸில் எழுதினேன்.

நோட்டீஸ் விடுவேன் என்றவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தண்ணீர்ப் பஞ்ச வருடத்தில் நள்ளிரவில் லாரிக்காகத் தெருமுனையில் காத்து நின்றவர் அவர். என்னை உறுத்தியது வேறு. அவர் கேஸ் போட்டால் ஜெயிப்பாரா என்று நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. "நோட்டீஸ்" என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. சங்கத்தின் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று நமக்குத் தெரியும், வக்கீல் ஃபீஸ் எவ்வளவு ஆகும் என்று தெரியாது. தெரியாத செலவைக் கண்டு பயப்படுவது மனித இயல்பு.

இந்தப் பயத்தைப் பெரிய அளவில் ஒரு நாட்டுக்கே காட்டிய கதை ஒன்று உண்டு. வங்கியில் முப்பத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். படிப்பு பி.காம். மருத்துவமும் தெரியாது, சட்டமும் தெரியாது. ஒரு கணக்கைப் பார்த்தால் அதில் பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தெரியும். அந்த அளவுக்குத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

உருகுவே என்ற பெயரைக் கால்பந்து பார்ப்பவர்கள் அறிவார்கள். 1930-ல் முதல் உலகக் கோப்பையை நடத்தி, தானே ஜெயித்த நாடு. பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையில் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. மக்கள்தொகை 35 லட்சத்துக்குள். மாடுகள் அதைப்போல மூன்று மடங்கு.

2005 மார்ச்சில் அங்கே ஜனாதிபதியானவர் தபாரே வாஸ்கெஸ். தலைநகர் மான்டெவிடியோவில் தொழிலாளர்கள் வாழும் பகுதியில் பிறந்தவர், புற்றுநோய் டாக்டர். அம்மா, அப்பா, அக்காள் தங்கை வரிசையில் ஒருவர் என்று வீட்டில் மூன்று பேரை இளவயதில் புற்றுநோய்க்குப் பறிகொடுத்துத்தான் அந்தப் படிப்புக்குப் போனார் என்று சொல்வார்கள். ஜனாதிபதியான பிறகும் நோயாளிகளைப் பார்ப்பதை விடவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை அந்த 2005-ல்தான் நடைமுறைக்கு வந்தது. உருகுவே அதற்கு முந்தைய வருடமே கையெழுத்தை உறுதி செய்திருந்தது. நம் நாடும் 2004-லேயே உறுதி செய்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போடுவது வேறு, காரியத்தில் இறங்குவது வேறு. வாஸ்கெஸ் இறங்கினார். 2006 மார்ச் 1 முதல் அலுவலகம், ஓட்டல், மதுக்கடை என்று கூரையுள்ள பொது இடம் எதிலும் புகைபிடிக்கக் கூடாது. லத்தீன் அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் நாடு அதுதான். பிறகு விளம்பரத்துக்குத் தடை, வரி உயர்வு. 2008-ல் தனிச்சட்டமே வந்தது. "லைட்ஸ்", "மைல்டு" போன்ற சொற்களைப் பெட்டியில் போடுவதற்கும் தடை.

இந்த "லைட்ஸ்" பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எனக்கும் அதில் பங்கு உண்டு.

தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த கிளையில் ஹெட் கேஷியர் ஒருவர் இருந்தார். நோட்டு எண்ணும் மெஷின் வராத காலம். அவர் விரல்தான் மெஷின். கள்ள நோட்டு கைக்கு வந்தால் பார்க்கவே வேண்டாம், தடவியே சொல்வார். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். கேஷ் கேபினுக்குள்ளேயே தீக்குச்சி கிழிப்பார், மேனேஜரும் அங்கே வந்து நின்று ஊதுவார், அன்று அது ஒரு பொருட்டே இல்லை. இருமல் அதிகமானபோது வீட்டில் சண்டை. என்னிடம் வந்து புலம்பினார். நான் பெரிய விவரஸ்தன் போல, "சார், விட முடியலைன்னா லைட்ஸுக்கு மாறிடுங்க, பாதிக்குப் பாதி குறைஞ்சிடும்" என்றேன். சொன்னதோடு நிற்கவில்லை, அன்று மாலையே வெள்ளைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து அவர் டிராயரில் வைத்தேன். சந்தோஷமாக மாறினார். வீட்டிலும் சண்டை ஓய்ந்தது. ஆறு மாதத்தில் பத்து பதினைந்து ஆனது. கேட்டால், "லைட்ஸ்தானேப்பா" என்பார்.

அந்த லைட்ஸின் சூட்சுமம் இதுதான். பஞ்சு உள்ள பகுதியைச் சுற்றி, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுண்ணிய துளைகள் போட்டிருப்பார்கள். சோதனைச்சாலையில் மெஷின் இழுக்கும்போது அந்தத் துளை வழியாகக் காற்று கலந்து புகை நீர்த்துப் போகும். தார், நிகோடின் அளவு குறைவு என்று மெஷின் காட்டும். மனிதன் பிடிக்கும்போது விரலும் உதடும் அந்தத் துளைகளை மூடிவிடும். மூடாவிட்டாலும், உடம்புக்குப் பழகிய நிகோடின் கிடைக்கும் வரை ஆழமாக இழுப்பான், அல்லது இன்னொன்று பற்றவைப்பான். நுரையீரலுக்குப் போவது ஏறக்குறைய அதே அளவுதான். இதைக் கம்பெனிகள் முன்பே அறிந்திருந்தன, அறிந்துகொண்டேதான் ஆரோக்கியத்துக்குப் பயந்தவர்களிடம் அதை விற்றன என்று 2006 ஆகஸ்டில் அமெரிக்காவில் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பு எழுதினார். ஆயிரத்து அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட தீர்ப்பு அது. சிகரெட்டை விட்டுவிட நினைப்பவனை விடாமல் வைத்திருக்கும் சரக்கு என்று அதைச் சொல்லலாம்.

எங்கள் ஹெட் கேஷியர் அந்தத் தீர்ப்பு வருவதற்குச் சில வருடங்கள் முன்பே போய்விட்டார். நுரையீரல் புற்றுநோய். பென்ஷன் வாங்கியது பதினான்கு மாதம்.

உருகுவேவுக்குத் திரும்புவோம். "லைட்ஸ்" என்ற சொல்லைத் தடை செய்ததும் என்ன நடந்தது? சொல் போய் நிறம் வந்தது. மார்ல்பரோவில் சிவப்பு, பொன்னிறம், நீலம், பச்சை என்று நான்கு வகை. பழைய லைட்ஸ்காரன் பொன்னிறப் பெட்டியைக் கேட்டு வாங்கினான், அவனுக்கு யாரும் அகராதி தர வேண்டியிருக்கவில்லை. சுகாதார அமைச்சகம் 2008 ஆகஸ்டில் இதற்கு ஒரு விதி போட்டது: ஒரு பிராண்டுக்கு ஒரே ஒரு வகைதான். சிவப்பு வேண்டுமா, சிவப்பு மட்டும். அடுத்த வருடம் இன்னொரு விதி: பெட்டியின் முன்னும் பின்னும் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம். அதற்கு முன் 50 சதவீதமாக இருந்தது.

உள்நாட்டில் சிகரெட் தயாரித்து விற்றுவந்த ஆபால் எர்மானோஸ் என்ற கம்பெனி பிலிப் மாரிஸ் இன்டர்நேஷனலுக்குச் சொந்தமானது. ஏழு வகைச் சிகரெட்டைக் கடையிலிருந்து எடுக்க வேண்டி வந்தது. பிலிப் மாரிஸ் எவ்வளவு பெரியது என்றால், உலகெங்கும் அதன் ஒரு வருட விற்பனை வரவு, வரியையும் சேர்த்தால், உருகுவே நாட்டின் மொத்த உற்பத்தியைவிட அதிகம். அப்படிப்பட்ட கம்பெனி 2010 பிப்ரவரி 19-ல் உருகுவே அரசின் மேல் வழக்குப் போட்டது. வாஸ்கெஸின் பதவிக்காலம் முடிய பத்தே நாள் இருந்தது. அங்கே ஜனாதிபதி தொடர்ந்து இரண்டு முறை நிற்க முடியாது. புதிதாக வருபவருக்கு முதல் நாளே மேஜையில் இந்தக் கட்டு காத்திருந்தது.

வழக்கு எங்கே போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். மான்டெவிடியோ கோர்ட்டுகளில் ஏற்கெனவே வழக்காடிக்கொண்டுதான் இருந்தார்கள். இது வேறு இடம்: வாஷிங்டனில் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த முதலீட்டுத் தகராறு மையம். அங்கே நீதிபதி கிடையாது, மூன்று நடுவர்கள். இரு தரப்பும் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், மூன்றாமவர் தலைவர். சாதாரணக் குடிமகன் அந்தப் படியேற முடியாது. வெளிநாட்டு முதலீட்டாளர் மட்டும் ஒரு நாட்டை அங்கே இழுக்கலாம், அதுவும் இரு நாடுகளுக்கு இடையே முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால். பிலிப் மாரிஸ் என்றால் அமெரிக்கக் கம்பெனி என்றுதானே நினைப்போம்? அதன் சுவிட்சர்லாந்து நிறுவனங்கள் வழியாக வந்தார்கள். 1988-ல் சுவிட்சர்லாந்தும் உருகுவேவும் போட்ட ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அந்நிய முதலீடு வரட்டும் என்று ஆசைப்பட்டுப் போட்ட கையெழுத்து, இருபத்திரண்டு வருடம் கழித்து இப்படி முளைத்தது. ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனவர்களை கவுன்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த முகம் எனக்குத் தெரியும்.

எங்கள் டிரேட்மார்க்கைப் பறித்துவிட்டீர்கள், பெட்டியில் எங்கள் பெயருக்கு இடமே இல்லை, ஆகவே நஷ்டஈடு கொடுங்கள் என்பது வாதம். முதலில் 25 மில்லியன் டாலர் என்றார்கள், கடைசியில் 22 மில்லியன் சொச்சத்தில் வந்து நின்றது. (பத்து லட்சம் ஒரு மில்லியன்.)

புதிய ஜனாதிபதி ஹோசே முஹிகா. பழைய பீட்டில் காரில் போவார், சம்பளத்தில் பெரும்பகுதியைத் தானம் செய்வார் என்று நம் பத்திரிகைகளிலும் அவரைப் பற்றி வந்ததே, அவர்தான். பணத்துக்கு மயங்குகிறவர் அல்ல. அவருடைய அரசே தடுமாறியது. விதிகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு சமாதானமாகப் போகலாமா என்று 2010-ன் நடுவில் அரசுக்குள் பேச்சு எழுந்தது. நம் பொதுக்குழுவில் டீசல் கணக்குக்குத் தாவினோமே, அந்த இடம். இதைக் கேவலமாகச் சொல்லவில்லை. கஜானாவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய எவரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

தடுமாற்றம் நின்றதற்குக் காரணம் தனியாக இல்லை என்று தெரிந்ததுதான் என்று நினைக்கிறேன். அந்த வருடம் நவம்பரில் புகையிலை உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் மாநாடு உருகுவேயின் கடற்கரை ஊரான புந்தா தெல் எஸ்தேயிலேயே நடந்தது. வந்த நாடுகள் கூடி, பொது சுகாதாரத்துக்காகச் சட்டம் போடும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்று பிரகடனம் வெளியிட்டன. அப்போது நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் புளூம்பெர்க்கின் அறக்கட்டளை வழக்குச் செலவுக்குக் கை கொடுக்க முன்வந்தது. உருகுவே விதிகளை வைத்துக்கொண்டு வழக்கை நடத்துவது என்று முடிவு செய்தது. 2014-ல் வெள்ளை மாளிகைக்குப் போன முஹிகா அங்கேயும் ஒபாமாவிடம் இந்தப் பேச்சை எடுத்தார்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கணக்கு.

ஆறு வருடம் நடந்த வழக்கில் பிலிப் மாரிஸ் தரப்புச் செலவு சுமார் 16.9 மில்லியன் டாலர். உருகுவேயின் செலவு சுமார் 10.3 மில்லியன். கேட்ட தொகையோ 22 மில்லியன் சொச்சம். எந்த வங்கி மேனேஜரிடமாவது இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 22 ரூபாய் கடன் வசூலுக்கு 17 ரூபாய் வக்கீலுக்குக் கொடுக்கிறேன், அதுவும் வசூலாகுமா என்று தெரியாது என்றால், "ரைட் ஆஃப் பண்ணிட்டுப் போங்க" என்பார். உலகத்தின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனிகளில் ஒன்றில் இதைப் பார்க்க ஒரு அக்கவுன்டன்ட் இல்லாமலா இருந்திருப்பார்?

இருந்திருப்பார். அவர் வேறொரு லெட்ஜரில் பார்த்திருப்பார். 35 லட்சம் பேர் உள்ள சந்தை பிலிப் மாரிஸுக்கு ஒரு தூசு. ஆனால் அதே நேரத்தில் எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாடுகள் எத்தனையோ. ஆப்பிரிக்காவில் நமீபியா, டோகோ, காபோன், உகாண்டா போன்ற நாடுகளுக்கு, நீங்கள் கொண்டுவரும் சட்டம் சர்வதேச ஒப்பந்தங்களை மீறும் என்ற தோரணையில் சிகரெட் கம்பெனிகளின் கடிதங்கள் போயின என்று 2013-ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் விவரமாக வந்தது. டோகோ மாதிரி ஒரு நாட்டின் சுகாதார அமைச்சகத்தில் ஒரு அதிகாரி அந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதை நினைத்துப் பாருங்கள். உருகுவே வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பத்து மில்லியன் டாலர் அவர் துறையின் எத்தனை ஆஸ்பத்திரிக்கான மருந்துச் செலவு என்பதும் தெரியும். கோப்பை மூடி அலமாரியில் வைப்பதற்கு அவருக்கு லஞ்சம் எதுவும் தேவையில்லை.

ஏழை நாடு என்று இல்லை. நியூசிலாந்து, கம்பெனியின் சின்னமோ நிறமோ இல்லாத வெற்றுப் பெட்டிச் சட்டம் கொண்டுவருவோம் என்று 2013-ல் சொன்னது. ஆனால் ஆஸ்திரேலியாவின் மேல் போட்டிருக்கும் வழக்கு முடியட்டும், பிறகு அமல்படுத்துவோம் என்று நிறுத்தி வைத்தது. கடைக்கு அந்தப் பெட்டி வந்தது 2018-ல். ஐந்து வருடம். ஆஸ்திரேலியா மேல் போட்ட வழக்கு என்ன ஆயிற்று? ஆஸ்திரேலியா இந்தச் சட்டத்தைக் கொண்டுவரப் போகிறது என்று அறிவித்த பிறகு, ஹாங்காங்குடன் அதற்கு ஒப்பந்தம் இருப்பதால், பிலிப் மாரிஸ் தன் ஆஸ்திரேலியப் பங்குகளை ஹாங்காங் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி வழக்குத் தொடுத்தது. இது முறைகேடு என்று 2015 டிசம்பரில் நடுவர்கள் வழக்கையே விசாரணைக்கு எடுக்காமல் தள்ளினார்கள். தோற்றது கம்பெனிதான். ஆனால் பக்கத்து நாட்டில் அந்த வருடங்களில் விற்ற பெட்டிகளை யாரும் திரும்பக் கேட்க முடியாதே! வழக்கில் தோற்றாலும் வட்டி வந்துகொண்டிருந்தது. ஃபிக்சட் டெபாசிட் போட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2016 ஜூலை 8-ல் தீர்ப்பு. பிலிப் மாரிஸின் கோரிக்கைகள் அனைத்தும் தள்ளுபடி. உருகுவேவுக்கு வழக்குச் செலவில் 7 மில்லியன் டாலரைக் கம்பெனி கொடுக்க வேண்டும், நடுவர்களின் செலவு முழுவதும் கம்பெனியுடையது. கூட்டிப் பார்த்தேன்: சொந்தச் செலவு 16.9, கொடுக்க வேண்டியது 7. சுமார் 24 மில்லியன். கேட்ட நஷ்டஈட்டைவிட அதிகம். கணக்குப் பார்ப்பவனுக்கு ஒரு அற்ப சந்தோஷம். அடுத்த வரியையும் எழுத வேண்டும். உருகுவே 10.3 செலவழித்து 7 திரும்பப் பெற்றது. ஜெயித்தும் 3.3 மில்லியன் டாலர் கைப்பிடித்தம், அன்றைய மதிப்பில் சுமார் 22 கோடி ரூபாய். தப்பு செய்யாதவன் கட்டிய தொகை அது.

தீர்ப்பில் நமக்குப் புரியக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று டிரேட்மார்க் பற்றியது. டிரேட்மார்க் என்பது உன் பெயரை அடுத்தவன் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை. அதை நீ இஷ்டப்படி பயன்படுத்திக்கொள்ள அரசு அனுமதித்தே ஆக வேண்டும் என்ற உரிமை அல்ல. பிளாட்காரர்களான நமக்கு இது தண்ணீர்பட்ட பாடு. என் பிளாட்டில் வேறு யாரும் குடியேற முடியாது, பத்திரம் என் பெயரில் இருக்கிறது. அதற்காக நான் பால்கனியில் மளிகைக் கடை போட முடியுமா?

இரண்டாவது, ஆய்வு பற்றியது. இந்த விதியால் பலன் உண்டு என்று உருகுவே தன் நாட்டில் தனியாக ஆய்வு செய்து நிரூபித்ததா என்று கம்பெனி கேட்டது. அதற்கு அவசியமில்லை, உலக சுகாதார நிறுவனமும் உடன்படிக்கையும் திரட்டி வைத்திருக்கும் அறிவு எல்லா நாட்டுக்கும் பொது, சிறிய நாடு ஒவ்வொன்றும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை என்ற ரீதியில் நடுவர்கள் பதில் சொன்னார்கள். மூவரில் ஒருவரான கேரி பார்ன், ஒரு பிராண்டுக்கு ஒரு வகை என்ற விதியைப் பொறுத்தவரை மாறுபட்டு எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 80 சதவீதப் படத்தில் அவருக்கும் ஆட்சேபணை இல்லை.

அந்த "உள்ளூர் ஆய்வு" வாதம் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இங்கேதான் கேட்டது. பெட்டியின் இருபுறமும் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படம் என்று நம் மத்திய அரசு 2014 அக்டோபரில் அறிவித்தது. 2015 ஏப்ரல் 1 முதல் அமல் என்றார்கள். அதைப் பரிசீலித்த நாடாளுமன்றக் குழு தள்ளிவைக்கச் சொன்னது. புகையிலையால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு இந்தியாவில் செய்த ஆய்வு எதுவும் இல்லை என்று குழுவின் தலைவரே அப்போது பேட்டி கொடுத்தார். அடையாறிலும் மும்பையிலும் புற்றுநோய் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்பவர்கள் எதனால் வந்தார்கள் என்று நினைத்தாரோ தெரியவில்லை. ஒரு வருடம் போயிற்று. 2016 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது பெரிய கம்பெனிகள் தொழிற்சாலையை மூடி உற்பத்தியை நிறுத்தின. விதியைப் பின்பற்றுங்கள் என்று மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புக்கு 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இன்று நீங்கள் பார்க்கும் பெரிய படம் அந்தத் தடையின் பலத்தில் நின்றதுதான்.

இதில் நம் பங்கும் உண்டு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. நாட்டின் பெரிய சிகரெட் கம்பெனியான ஐ.டி.சி.யில் எல்.ஐ.சி. வைத்திருக்கும் பங்கு சுமார் 15 சதவீதம். என் இரண்டு பாலிசிகளும் எல்.ஐ.சி.தான். மியூச்சுவல் ஃபண்டு வைத்திருக்கிறவர்கள் தங்கள் ஸ்டேட்மென்டை ஒரு தரம் திறந்து பார்க்கலாம். அரசாங்கத்தின் ஒரு கை பெட்டியில் படத்தைப் பெரிதாக்குகிறது, இன்னொரு கை டிவிடெண்ட் வாங்குகிறது. டபுள் என்ட்ரி என்றால் இதுதான் போலிருக்கிறது.

இன்னொன்று. நம் கேட்டுக்கு எதிரே உள்ள பெட்டிக்கடையில் ஒரு மாலை முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன் (கடைக்காரர் என்னை இன்கம்டாக்ஸ்காரன் என்று நினைத்திருப்பார்). சிகரெட் வாங்க வந்தவர் யாரும் பெட்டி வாங்கவில்லை. ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்கி, தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் பள்ளிக்கூடப் பையோடு வந்தவர்கள். இத்தனை வருடம் கோர்ட்டில் இழுபட்டுப் பெற்ற 85 சதவீதப் படத்தை அன்று பார்த்தது கடைக்காரர் ஒருவர்தான். மகாராஷ்டிராவில் 2020-ல் சில்லறை விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறார்கள்.

உருகுவேயில் இதனால் என்ன பலன் என்று கேட்பீர்கள். 2005-லிருந்து 2011 வரை ஆளுக்கு இத்தனை சிகரெட் என்ற கணக்கு வருடத்துக்குச் சுமார் 4 சதவீதம் குறைந்தது என்று ஒரு ஆய்வு, பள்ளிப் பிள்ளைகளிடம் அதைவிட வேகமாக. நடுவே தென் அமெரிக்காவில் விதி இறுக்கமில்லாத பக்கத்து நாட்டில் அப்படிக் குறையவில்லை என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

தீர்ப்பு வந்தபோது வாஸ்கெஸ் மறுபடியும் ஜனாதிபதியாக வந்திருந்தார். தொலைக்காட்சியில் நாட்டுக்கு அறிவித்தவர் அவரே. அடுத்து வெற்றுப் பெட்டிச் சட்டத்தையும் கொண்டுவந்தார். பதவியில் இருக்கும்போதே 2019-ல் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். 2020 டிசம்பரில் காலமானார். 2022 செப்டம்பரில், அவருக்குப் பின் வந்த ஜனாதிபதி வெற்றுப் பெட்டி விதிகளில் சிலவற்றைத் தளர்த்தி ஆணை போட்டார். உள்நாட்டுச் சிகரெட் கம்பெனி கேட்டுக்கொண்டது, கடத்தல் சரக்கோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்று காரணம் சொன்னார். இந்த முறை வாஷிங்டன் போக வேண்டிய வேலையே இருக்கவில்லை.

ஒத்திவைத்த படிக்கட்டுத் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவின் அஜெண்டாவில் நான்காவதாக இருக்கிறது. டீசல் கணக்கு ஐந்தாவது. நம் குடியிருப்பில் வக்கீல்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், இருவரிடம் பேசிவிட்டேன், நோட்டீஸ் வந்தால் ஃபீஸ் இல்லாமல் பதில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டீஸ் விடுவேன் என்ற நண்பரிடமும் பேசினேன். "எத்தனை பிடிக்கிறீங்க?" என்று கேட்டேன். எட்டு என்றார். இப்போதெல்லாம் மெல்லிசான சிகரெட்தான், பழைய மாதிரி காட்டம் இல்லை என்றும் சொன்னார்.